கயிற்றால் தைத்த கப்பலும் அதைத் தைத்த கைகளும்

2025 டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து புறப்பட்ட 'ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா', 2026 ஜனவரி நடுப்பகுதியில் மஸ்கட்டை அடைந்தது. இயந்திரம் கிடையாது, பலகைகளை இணைக்க ஆணியும் கிடையாது. தென்னங்கயிற்றால் தைத்து, பிசின் பூசிய கப்பல், வடகிழக்குப் பருவக்காற்றின் துணையோடு அரபிக் கடலைக் கடந்திருக்கிறது. பழங்காலக் கப்பல் மீண்டும் கடலுக்கு வந்துவிட்டது என்று பலரும் பெருமிதம் கொண்டனர். எனக்கும் அதில் பங்குண்டு. 'மீண்டும்' என்ற சொல்லில் மட்டும் உடன்பாடில்லை.

இந்தக் கப்பலுக்கு முன்மாதிரி, 5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்று. ஓவியர் கப்பல் கட்டும் தச்சர் அல்லர். நீருக்கு அடியில் இருக்கும் உடற்பகுதியின் வடிவத்தை ஓவியத்திலிருந்து அளந்தெடுக்க முடியாது. அதைக் கடற்படை வடிவமைப்பாளர்கள் ஊகித்தே வரைந்தனர். சென்னை ஐஐடியில் மாதிரியைச் சோதித்தனர். ஓமானில் கட்டப்பட்டு 2010இல் சிங்கப்பூர் சென்ற 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' கப்பலுக்காவது, பெலிதுங் தீவருகே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சிதைவு ஆதாரமாக இருந்தது. கௌண்டின்யா கடலில் மிதக்கும் ஒரு கருதுகோள். கரை சேர்ந்ததால் மட்டும் கருதுகோள் வரலாறாகிவிடாது. எவ்வளவு நீர் கசிந்தது, தையல் எங்கே தளர்ந்தது, எதிர்க்காற்றில் எவ்வளவு தடுமாறியது என்ற விவரங்கள் ஆய்வாளர்கள் அனைவருக்கும் முழுமையாகக் கிடைக்க வேண்டும். வரவேற்பு விழாப் படங்களைவிட அவையே எனக்கு முக்கியம்.

ஊகம் கலவாத ஒன்றும் இக்கப்பலில் உண்டு: தைத்தவர்களின் திறன். பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கைவினைஞர்கள் அதை எந்த ஓவியத்திலிருந்தும் கற்கவில்லை. 1980இல் டிம் செவரின் ஓமானில் 'சோஹார்' கப்பலைக் கட்டியபோதும் லட்சத்தீவிலிருந்தே தைப்பவர்களை வரவழைத்தார். சோழமண்டலக் கரையிலும் இத்திறன் இருந்தது. சென்னைக்குத் துறைமுகம் அமையும் முன், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பயணிகளைக் கரைசேர்த்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே. அலை மோதினால் ஆணியடித்த படகு உடையும்; இவை வளைந்து கொடுக்கும். துறைமுகம் வந்து, பின்னர் ஃபைபர் படகுகளும் வந்தபின், யாரும் கவனிக்காமலேயே அவை மறைந்தன.

கயிற்றுத் தையல் நாளடைவில் தளரும். பிரித்துப் புதிதாகத் தைப்பதே மரபு. கௌண்டின்யாவுக்கும் அந்த நாள் வரும். அப்போது மூத்த கைவினைஞர்களின் அருகே, உதவித்தொகையுடன் பத்து இளைஞர்களாவது அமர்ந்து கயிறு இழுத்துப் பழக இப்போதே நிதி ஒதுக்க வேண்டும்.