வெட்டப்படாத கட்டைவிரல்

1905-ஆம் ஆண்டுச் சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஆரணி, தேவிகாபுரம், கலசப்பாக்கம் என நீளும் பட்டு வட்டார மேடைகளில் ஒரு வாசகம் பல ஆண்டுகளாகச் சலிக்காமல் ஒலித்துவருகிறது: வெள்ளைக்காரன் நம் நெசவாளியின் கட்டைவிரலை வெட்டினான், அதனால் நெசவு அழிந்தது. கூட்டம் கைதட்டுகிறது, பேச்சாளருக்குச் சோடா வருகிறது, அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட நெசவாளி வீடு திரும்பித் தறிக்குழியில் காலை இறக்கி, பத்து விரல்களோடும் நாடாவை எடுக்கிறார். இந்த ஒற்றை வாசகத்துக்குள் நான்கு கூற்றுகள் அடங்கியுள்ளன: விரல் வெட்டப்பட்டது, கிழக்கிந்தியக் கம்பெனி கால்வைத்த இடமெல்லாம் ஒரே கொடுமை நிலவியது, அதற்கு முன் நெசவாளி எவருக்கும் கட்டுப்படாதவராக இருந்தார், அதற்குப் பின் நெசவே இல்லை. நான்கில் ஒன்றும் தேறாது.

முதலாவது கூற்றின் மூலத்தைத் தேடிச் செல்பவர் வந்துசேரும் இடம், கம்பெனியில் பணியாற்றிப் பின் அதனோடு பகைத்துக்கொண்ட வில்லியம் போல்ட்ஸ் 1772-இல் வெளியிட்ட நூலாகும். அதில் பேசப்படுவது வங்காளம், தமிழகம் அன்று. பேசப்படுவோர் கச்சாப் பட்டு இழையைச் சுற்றுவோர், நெசவாளர் அல்லர். அந்த வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்படாதிருக்கத் தம் கட்டைவிரலைத் தாமே வெட்டிக்கொண்டார்கள் என்பதே அவர் எழுதியது. ஊர், தொழில், வெட்டிய கை ஆகிய மூன்றையும் மாற்றிய பிறகும் அது அதே வரலாறுதான் என்றால், மேடைக்கு வரலாறு தேவையில்லை என்றே பொருள்.

அறிவுக்கும் அது பொருந்துவதில்லை. முடியும் பாவின் ஒவ்வோர் இழை முனையோடும் புதிய பாவின் இழை முனையைச் சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து முறுக்கிப் பிணைக்கும் வேலையை ஒரு முறை பார்த்தவருக்கு, ஒரு சேலைப் பாவில் ஆயிரக்கணக்கான முறை அந்த விரல் உருளுவது தெரியும். அதை வெட்டுகிறவன் துணி வாங்க வந்த வணிகனாக இருக்க முடியாது. விரல்கள் மீது ஆங்கிலேய நிர்வாகம் காட்டிய அக்கறை வேறு வகையானது: 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, சாலைக்குச் சரளைக்கல் தர ஒப்புக்கொண்டவர் பின்னர் மறுக்காதிருக்க, ஒப்பந்தத்தில் அவருடைய முழுக்கையையும் மையில் பதிக்கச் செய்தார். வெட்டிய விரலால் பத்திரத்தில் பதிய முடியாது.

இரண்டாவது கூற்றுதான், அதாவது எங்கும் ஒரே கொடுமை என்பதுதான், மிகப் பெரிய கேட்டைச் செய்திருக்கிறது. கம்பெனிக்கு வெளியே பார்த்தாலும், ஆங்கிலேயர் குடியேற்றங்களில் உழைப்பைப் பிடித்துவைக்கும் முறை நிலத்துக்கும் விளைபொருளுக்கும் ஆள்பலத்துக்கும் ஏற்ப மாறியது. 1607-இல் தொடங்கிய வர்ஜீனியாவில் புகையிலைக்கு முதலில், கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்க ஒப்பந்தமான ஆங்கிலேய ஏழைகளும், பின்னர் ஆப்பிரிக்க அடிமைகளும் பயன்பட்டனர். பார்படோஸின் கரும்பும் கரோலைனாவின் நெல்லும் அடிமை உழைப்பிலேயே நின்றன. மாசசூசெட்ஸின் சிறு பண்ணைகளைப் பெரும்பாலும் குடும்பங்களே உழுதன. ஒரே மன்னரின் குடிகள், ஒரே நூற்றாண்டு, ஆனால் ஒரே முறை இல்லை. அந்த அடிமைகளை ஆப்பிரிக்கக் கரையில் வாங்க விலையாகக் கொடுக்கப்பட்டவற்றுள் சோழமண்டலத்தில் நெய்த பருத்தித் துணியும் ஒன்று என்பதை மேடைகள் சொல்வதில்லை. தமிழ்த் தறியும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்பது கேட்க இனிமையானதன்று.

சென்னையிலும் இந்த வேறுபாடு வெளிப்படையாக இருந்தது. 1680களில் அந்தத் துறையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்ற அனுமதித்த அதே கம்பெனி, நெசவாளர்களிடம் மட்டும் கெஞ்சி நின்றது. கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734-இல், நெசவாளர், நூற்போர், துணி வெளுப்போர் ஆகியோருக்காகவே ஒரு குடியிருப்பு உருவாக்கப்பட்டது. சின்னத் தறிகளின் பேட்டை என்ற அந்த இடமே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. வணிகர்கள் வழியாக முன்பணம், அதாவது நூலும் அரிசியும் வாங்குவதற்கு முன்கூட்டித் தரப்படும் தொகை, நெசவாளரைச் சென்றடைந்தது. தென்னிந்திய வழக்கில், வேறொருவர் கூடுதலாகத் தந்தால் நெசவாளர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பதை வரலாற்றாய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் வெளிவந்த தம் நூலில் காட்டியிருக்கிறார். கூலி பிடிக்காவிட்டால் தறியைக் கட்டிக்கொண்டு ஊர்மாறுவதும் அக்கால நெசவாளர் கையிலிருந்த ஆயுதம்.

முறிக்கப்பட்டது இந்த உரிமையே. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், படையும் நிலவரியும் கைக்கு வந்தபின், கம்பெனி இடைவணிகரை ஒதுக்கித் தன் குமாஸ்தாக்களையே அனுப்பியது. கம்பெனிப் பணம் வாங்கியவர் வேறு எவருக்கும் நெய்யக்கூடாது, பணத்தைத் திருப்பித் தந்து விலகவும் கூடாது என்று சேவகர்களைக் காவல் நிறுத்தியது. அதுவும் எங்கும் ஒரே நாளில், ஒரே அளவில் நடக்கவில்லை. வங்காளம் 1757-க்குப் பின்னரே சிக்கியது. சேலம் 1792-இல் கம்பெனிக்குப் போயிற்று. கலசப்பாக்கத்தை உள்ளடக்கிய வட ஆர்க்காடு 1801-இல்தான் சேர்ந்தது. ஆரணியோ அதற்குப் பின்னும் ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு வழங்கப்பட்ட பகுதியாக, மராட்டிய வழிவந்தவர்களின் கையில் நீடித்தது. மேலும் இக்கரையில் கம்பெனி தேடியது பெரும்பாலும் பருத்தித் துணியை. பட்டுச் சேலைக்காரரின் மேடையில் கம்பெனியின் பெயரால் ஒழுகும் கண்ணீரில் பாதி விலாசம் தவறியது.

மூன்றாவது கூற்றுக்கு ஒரு வரி போதும்: சோழர் கல்வெட்டுகளிலேயே தறியிறை என்ற வரி இருக்கிறது, கட்டற்ற தறிக்கு எவரும் இறை விதிப்பதில்லை.

நான்காவது கூற்றை ஆரணித் தெருக்களின் தறியோசையே மறுக்கிறது. உண்மையில் அழிந்தது கைநூற்பு. ஆலை நூல் கப்பலில் வந்திறங்கியதும், ராட்டையில் நூற்றுக் குடும்பத்துக்கு நாலு காசு சேர்த்த பெண்கள் வேலையிழந்தார்கள், அதே ஆலை நூலை வாங்கித் தறிகள் ஓடின. அந்தப் பெண்களின் விரலை எவரும் வெட்டாததால் அவர்களுக்கு மேடையும் இல்லை.

கட்டைவிரல் கதையின் வசதி அது குற்றத்தைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிடுவதில் இருக்கிறது. இன்றும் இவ்வட்டாரத்தில் கூலிக்கு நெய்பவருக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியிடமிருந்து வருகின்றன. திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணம் தீராதவரை வேறு முதலாளியிடம் போக முடிவதில்லை. போனால் புது முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்கிறார், கடன் இடம் மாறுகிறது. ஆகஸ்ட் 7 மேடையின் முன்வரிசையில் பொன்னாடையோடு அமர்ந்திருப்போரில் அத்தகைய முதலாளிகளும் உண்டு. வெட்டப்பட்ட விரலைப் பற்றிய பேச்சு நீளும்வரை தம் பாக்கிப் புத்தகத்தைப் பற்றி எவரும் கேட்கப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் முதலில் கைதட்டுபவர்களும் அவர்களே.