ஸ்பிரிங்கை வெட்டாதீங்க, ஹோஸை மாத்துங்க!

செமஸ்டர் முடிஞ்சு, காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர்ல எப்படியோ தப்பிச்சு (தப்பிச்சிருப்பேன்னு நம்பறேன்), ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. பி.காம் படிக்கிற பயலுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க. கடைசில இதுவும் வரவு செலவுக் கணக்குதான் :-)

எங்க வீட்டுல ஒரு பிரீமியர் பத்மினி இருக்கு. 1986 மாடல். அப்பாரு வாங்கினது. 1964ல ஃபியட் 1100 டிலைட்னு வந்து, 1974ல பத்மினின்னு பேர் மாறின அதே வண்டி. 1089 சி.சி. இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன், ஸ்டியரிங் பக்கத்துலயே கியர். மும்பைல கறுப்பு மஞ்சள் பெயின்ட் அடிச்சு டாக்சியா ஓடினதும் இதுதான். அங்க பத்மினி டாக்சி 2023 அக்டோபரோட விடை வாங்கிடுச்சு. எங்க வீட்டு வண்டி அப்பாரு போன பிறகு நாலு வருஷம் தார்ப்பாய்க்குள்ள தூங்கிச்சு. அதை எழுப்பி ஓட்டறதுதான் என் ‘ப்ராஜெக்ட்’. கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறின காசு பூரா அதுக்குத்தான் போச்சு.

முதல்ல என்ன செஞ்சேன்னு கேளுங்க. வெக்கமாத்தான் இருக்கு, ஆனாலும் சொல்றேன். முன்பக்க காயில் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுத்து வெட்டினேன். பின்னாடி கமான் பட்டைல ஒரு பட்டையை உருவினேன். அகலமான வீல் மாட்டினேன். மொத்தம் 22,000 ரூபாய். வண்டி தரையோட படுத்துக்கிட்டு அசத்தலா இருந்துச்சு. போட்டோ எடுத்தோம், கிளாஸ்ல எல்லாரும் “மச்சி, செம”ன்னாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, அம்மாவையும் தங்கச்சியையும் ஏத்திக்கிட்டுப் பொள்ளாச்சி ரோட்டுல போறேன். பின்னாடியிருந்து தங்கச்சி, “அண்ணா, பெட்ரோல் வாசம் அடிக்குது”ன்னா. “பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், கண்ணாடியை இறக்கிக்கோ”ன்னேன். கொஞ்ச தூரத்துல மறுபடியும் சொன்னா. எரிச்சலோட ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தா, கார்புரேட்டருக்குப் போற ரப்பர் ஹோஸ் வெடிச்சு, வேர்வை மாதிரி பெட்ரோல் கசிஞ்சு, சூடான இன்ஜின் மேல சொட்டிக்கிட்டு இருக்கு. அம்மா ஒண்ணுமே பேசல. தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னுட்டாங்க. அந்த ஹோஸ் துண்டோட விலை 300 ரூபாய்.

22,000க்கும் 300க்கும் நடுவுல இருக்கற புத்திக்குறைவைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

ஸ்பிரிங் கதையை முதல்ல பாப்போம். காயில் ஸ்பிரிங்ல சுத்து குறையக் குறைய விறைப்பு கூடும். வேலை செய்யற சுத்து 8ன்னு வெச்சுக்குங்க. ஒன்றரை வெட்டினா மிச்சம் 6.5. எட்டை ஆறரையால வகுத்தா 1.23. அதாவது 23 சதவீதம் கூடுதல் விறைப்பு. ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்குச் செஞ்சது. ஸ்பிரிங் உதறுற வேகத்தை அதால அடக்க முடியாது. போதாததுக்கு வண்டி இறங்கினதால சக்கரம் மேல ஏற இருக்கற இடமும் போச்சு. ஒவ்வொரு வேகத்தடைலயும் ‘டமார்’னு ரப்பர்ல போய் முட்டும். முன் சக்கரத்தோட சாய்மானம் மாறி டயர் ஒரு பக்கமாத் தேயும். நம்ம ஊர் ரோட்டுல இதுக்குப் பேர் ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் இல்லீங்க, முதுகு வலி.

“அப்ப ரேஸ் வண்டியெல்லாம் தாழ்வாத்தானே இருக்கு”ன்னு ஒரு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்விதான். சோழவரம் விமான ஓடுதளத்துல அந்தக் காலத்துல ஃபியட்டை மாத்தி ரேஸ் விட்டவங்க உண்டு. எங்க ஊர்லயே செட்டிபாளையத்துல ரேஸ் டிராக் இருக்கு. ஆனா ரேஸ் ஆளுங்க ஸ்பிரிங், ஷாக், பிரேக், டயர் எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி மாத்துவாங்க. அந்த டிராக்குல குழியும் கிடையாது, குறுக்க வர்ற மாடும் கிடையாது. நான் செஞ்சது அதைப் பாத்துப் போட்டுக்கிட்ட மாறுவேஷம்.

இப்ப எரிபொருள். “எதையும் தொடாதே, ஒரிஜினலா வை”ன்னு சொல்ற பெரியவங்ககிட்ட நான் முரண்படற இடம் இது. என் வண்டி 1986ல பிறந்தப்ப பங்க்ல கிடைச்சது எத்தனால் கலக்காத பெட்ரோல். இன்னிக்கு நாடு முழுக்க வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. 2023ல ஆரம்பிச்சு 2025ல எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. பெட்ரோலே மாறின பிறகு ஹோஸ் மட்டும் ஒரிஜினலா இருந்து என்னங்க பிரயோஜனம்?

எத்தனால் பழைய ரப்பரை ஊதவும் வெடிக்கவும் வைக்கும். பெட்ரோல் பம்ப்புக்குள்ள இருக்கற டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாத்துக்கும் இதே கதிதான். ஈரத்தை இழுக்கற குணம் வேற அதுக்கு. மாசக்கணக்கா நின்ன வண்டில டேங்க் அடில தண்ணி சேர்ந்து துருப்பிடிக்கும்.

அடுத்தது கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்கு சுமார் 13.5. புது வண்டில சென்சார் பாத்துத் தானே சரிபண்ணிக்கும். கார்புரேட்டருக்கு ஏது சென்சார்? ஜெட்டுல இருக்கற ஓட்டைதான் அதுக்கு அளவு. அதனால பெட்ரோல் பத்தாம இன்ஜின் சூடாகும், இழுவை குறையும். உதாரணத்துக்கு, 120ம் நம்பர் ஜெட்டுன்னா ஓட்டை 1.20 மில்லிமீட்டர். அதை 125 ஆக்கினா பரப்பளவு எட்டரை சதவீதம் கூடும். இ20 கேக்கற கூடுதலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு சின்னப் பித்தளைத் துண்டு செய்யற வேலை இது. (உங்க வண்டில என்ன நம்பர்னு பாக்காம மாத்தாதீங்க. மாத்தின பிறகு ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க.)

வெயில் காலத்துல பழைய ஃபியட் பம்ப் மேல ஈரத்துணி சுத்தறதை நிறையப் பேர் பாத்திருப்பீங்க. அதுக்கு மாற்றா எலக்ட்ரிக் பம்ப் போடலாம்னு நானும் கிளம்பினேன். பட்டறை அண்ணாதான் தடுத்தார். “கண்ணு, புது வண்டி பம்ப் 3 பார் பிரஷர் தள்ளும். உன்ற கார்புரேட்டருக்கு அதுல பத்துல ஒரு பங்கே ஜாஸ்தி. நீடில் வால்வு தாங்காம பெட்ரோல் வழிஞ்சு ஊத்தும்”னார். அதோட இன்னொண்ணும் சொன்னார். இன்ஜின் ஓட்டத்துல வேலை செய்யற பழைய பம்ப், இன்ஜின் நின்னா தானும் நின்னுடும். எலக்ட்ரிக் பம்ப் அப்படியில்ல. எங்கயாவது மோதி இன்ஜின் நின்ன பிறகும் சாவி ஆன்ல இருந்தா தள்ளிக்கிட்டே இருக்கும். தானா நிறுத்தற கட்-ஆஃப் சுவிட்ச் இல்லாம அதை மாட்டறது, தீக்குச்சியைப் பத்தவெச்சுப் பாக்கெட்டுல வெச்சுக்கற மாதிரி.

சட்டத்தையும் சொல்லிடறேன். கம்பெனி கொடுத்த, ஆர்.சி.ல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்கறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரில இதை உறுதி செஞ்சது. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறைன்னு வந்துச்சு. “பசங்க ஆசையைக் கெடுக்கறாங்க”ன்னு நானும் திட்டினவன்தான். இப்ப யோசிச்சா, என் வெட்டின ஸ்பிரிங்குக்கு அது சரியான அடி. விபத்துல மாட்டியிருந்தா இன்சூரன்ஸ்காரர் கேக்கற முதல் கேள்வியே அதுவாத்தான் இருந்திருக்கும். தேஞ்ச ஹோஸுக்குப் பதிலா எத்தனால் தாங்கற ஹோஸ் போடறதோ பராமரிப்பு. அதை யாரும் தப்புன்னு சொல்லப்போறதில்லை.

அக்கவுண்ட்ஸ்ல மூலதனச் செலவு, வருவாய்ச் செலவுன்னு பிரிப்போம். பழைய கார்ல மூணாவதா ஒண்ணு இருக்குங்க, காட்சிச் செலவு. அது பேலன்ஸ் ஷீட்ல சொத்து மாதிரி உக்காந்திருக்கும், ரோட்டுல கடனா வந்து நிக்கும். அதனால என் கட்சி இதுதான்: முதல்ல பெட்ரோல் லைன், அப்புறம் பிரேக், அப்புறம் ஒரிஜினல் அளவுலயே புது ஸ்பிரிங்கும் ஷாக்கும். காசு மிச்சமிருந்தா பெயின்ட். ஒரு மாற்றம் செய்யறதுக்கு முன்னாடி, “இது வண்டிக்கா, போட்டோவுக்கா?”ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுக்குங்க.

இப்ப என் பத்மினி பழைய உயரத்துல நிக்குது. போன வாரம் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் மாத்தி முடிச்சேன். தங்கச்சி ஏறி உக்காந்து ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சிப் பாத்துட்டு, “போலாம்”னா. அம்மா இன்னும் ஏறல. கேட்டா, “அடுத்த வாரம் பாக்கலாம்”ங்கறாங்க.

டிஸ்கி: வெட்டின ஸ்பிரிங் ரெண்டும் என் மேஜை மேல பேப்பர் வெயிட்டா இருக்கு. யாருக்காவது வேணும்னு பின்னூட்டத்துல கேட்டா தரமாட்டேன் :-)