வெண்டேறல் ஒன்று: செனின் பிளாங்க்

புனே நகரிலிருந்து அன்பர் ஒருவர் விடுத்த வினாவே இம்மாத உரைக்கு வித்தாயிற்று. அவர்தம் இல்லத்து விருந்தில் மருமகப்பிள்ளை நாசிக்கில் வடித்த வெள்ளை ஒயின் ஒரு புட்டி கொணர்ந்தாராம். நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் பெரியவர் ஒருவர் அதனைச் சுவைத்து, "தித்திக்கிறதே, பழச்சாறுதானே!" என்று மேலும் ஒரு குவளை கேட்டாராம். கொடுக்கலாமா, தடுக்கலாமா என்று அன்பர் கேட்கிறார்.

தடுத்திருத்தல் வேண்டும். இதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவு ஆல்கஹால் உண்டு. சாதாரண பீரினும் இது மிகுதி. இன்சுலினோ, சிலவகை மாத்திரைகளோ கொள்வோர் வெறும் வயிற்றில் மது அருந்தின், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடல் கூடும். அதனால் வரும் தள்ளாட்டத்தைச் சூழ்ந்திருப்போர் போதையென்றே எண்ணி வாளாவிருப்பர். தித்திப்பு நாவை ஏமாற்றுவது போலவே அந்நிலை கண்களையும் ஏமாற்றும். மருத்துவரைக் கேளாது அப்பெரியவர் மீண்டும் அதனைத் தொடலாகாது.

இனி, அத்தித்திப்பு எங்ஙனம் வந்தது என்பதைக் காண்போம். புட்டியில் இருந்தது செனின் பிளாங்க் என்னும் திராட்சையின் சாறு என்று அன்பர் குறித்துள்ளார். இக்கொடியின் பிறப்பிடம் பிரெஞ்சு நாட்டின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆங்குள்ள வூவ்ரே என்னும் ஊரில் சுண்ணக்கல் குன்றுகளைக் குடைந்தே மதுவறைகள் அமைத்துள்ளனர். செனினுக்கு இயல்பிலேயே புளிப்பு மிகுதி. நொதி சர்க்கரை முழுவதையும் உண்டுவிட்டால் தேறல் துவர்ப்பற்ற கூரிய புளிப்புடன் நிற்கும். இடையிலே குளிரூட்டி நொதித்தலை நிறுத்தினால் சர்க்கரை எஞ்சித் தித்திக்கும். ஒரே கனி, உலர்ந்த சுவையும் தேன்சுவையும் நுரைக்கும் சுவையும் தரவல்லது. பச்சை ஆப்பிள், பேரிக்காய், தேன் ஆகியவற்றின் மணம் இதற்கு உண்டென்பர். நெடுநாள் வைத்தால் நனைந்த கம்பளியின் வாடை என்றும் சொல்வர். அதனையும் புகழ்ச்சியாகவே சொல்கின்றனர்!

டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டிலேயே தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் திராட்சை நட்டனர். ஆங்கு 'ஸ்டீன்' என வழங்கிய கொடி செனினே என்பது 1960களில்தான் தெளிவாயிற்று. இன்று உலகில் இது மிகுதியாக விளைவது அந்நாட்டிலேயே.

நாசிக்கின் கதை வேறு. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் உறங்கும். நம் வெப்பத்தில் அதற்கு உறக்கமில்லை. ஆகவே உழவர் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கின்றனர். ஏப்ரலில் செய்வது கிளை வளர. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் செய்வது கனி தர. அறுவடை தை, மாசித் திங்களில். ராஜீவ் சாமந்த் நிறுவிய சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் முதல் ஒயின்களை வெளியிட்டபோது அவற்றுள் செனினும் ஒன்று. அதனைக் கண்டு பலரும் இத்தொழிலில் இறங்கினர். 2008ஆம் ஆண்டை அடுத்து வந்த மந்தத்தில் கொள்முதல் சுருங்கவே, உழவர் பலர் கொடிகளை வேரோடு களைந்தனர். ஒயின் திராட்சை சிறியது, விதையுள்ளது. ஆலை வாங்காவிடில் சந்தையில் தட்டில் வைத்து விற்கவும் ஆகாது. புட்டியின் பளபளப்பைக் காண்போர் இதனை அறிவதில்லை.

மது தொடுவோர் நம்முள் சிலரே. அவர்க்கு மட்டும் ஒரு சொல். லுவார் மக்கள் இதனை ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியுடனும், வெண்ணெய்ச் சாறூற்றிய ஆற்றுமீனுடனும் கொள்வர். நம் உணவில் பொரித்த மீனும் தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பும் பொருந்தும். ஆல்கஹால் மிளகாயின் எரிவை மிகுவிக்கும். சிறிது இனிப்பு அதனைத் தணிக்கும். ஆதலின் காரமான கறிக்கு இனிப்பு எஞ்சிய வகையே ஏற்றது. வற்றற்குழம்பின் புளியும் பெருங்காயமும் எந்தத் தேறலையும் விழுங்கிவிடும். தயிர்ச்சோற்றுக்குத் தண்ணீரே துணை. நன்கு குளிர்வித்துச் சிறு குவளையில், உணவோடு மட்டும் பருகுக. திறந்த புட்டியை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.