இறந்தவர் வாயில் இட்ட சொற்கள்

மறைந்த மேதைகளின் பேட்டி என்ற பெயரில் அச்சேறும் நூல்களைப் படிப்போர் அளவுக்கு மீறி நம்பிவிடுகின்றனர். ஆர்தர் ஏபெல் என்னும் அமெரிக்கர் 1955இல் வெளியிட்ட நூல் இதற்குத் தக்க சான்று. ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான்னஸ் பிராம்ஸை 1896ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வியன்னாவில் கண்டு உரையாடியதாக அவர் எழுதுகிறார். இசை தமக்கு இறைவனிடமிருந்தே இறங்கி வருவதாகப் பிராம்ஸ் மனம் திறந்தாராம். தாம் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழியும்வரை இதனை வெளியிடலாகாது என்றும் தடை விதித்தாராம். இறைவனை நம்பும் நமக்கு இச்செய்தி இனிக்கத்தான் செய்யும். இனிப்பதனாலேயே இரு மடங்கு விழிப்பு வேண்டும் என்கிறோம்.

சாட்சிகளைப் பார்ப்போம். பிராம்ஸ் 1897 ஏப்ரல் 3ஆம் நாள் மறைந்தார். உடனிருந்ததாகச் சொல்லப்படும் வயலின் மேதை யோவாகிம் 1907இல் மறைந்தார். அதே நூலில் பேசும் கிரீக் 1907இலும், புரூக் 1920இலும், ஹம்பர்டிங்க் 1921இலும், புச்சினி 1924இலும், ஸ்ட்ராஸ் 1949இலும் கண்மூடினர். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று மறுக்க ஒருவரும் எஞ்சாத காலத்தில் நூல் வெளிவருகிறது! சுருக்கெழுத்தாளர் ஒருவர் உரையாடலை அப்படியே எழுதிக்கொண்டார் என்கிறார் ஏபெல். எனில், அந்த மூலக் குறிப்பேடு எங்கே என்று கேட்பது குற்றமாகுமா?

இனி, பிராம்ஸ் தம் கையால் எழுதியதைப் பார்க்கலாம். அவருடைய 'ஜெர்மன் ரெக்வியம்' 1868இல் பிரேமன் நகரத் தேவாலயத்தில் அரங்கேறியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவ்வூர் இசைத் தலைவர் ரைன்தாலர், கிறிஸ்தவக் கொள்கையின் உயிர்நாடியான மீட்பைப் பற்றிய சொல் அதில் இல்லையே என்று குறைப்பட்டார். பிராம்ஸ் என்ன விடை எழுதினார்? ஜெர்மன் என்பதை நீக்கி மனித இனம் என்ற சொல்லை வைக்கவும் தமக்குச் சம்மதமே என்றார். யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் 16ஆம் வசனம் போன்றவற்றைத் தாம் அறிந்தே விலக்கியதாகவும் தெரிவித்தார். தம் வரைவுத் தாள்களைத் தாமே அழித்துத் தொழில் மறைவைக் காத்த மனிதர் அவர். அத்தகையவர், நோய் முற்றிய இறுதி மாதங்களில், இதழாளர் ஒருவரிடம் மணிக்கணக்கில் உள்ளத்தைக் கொட்டினார் என்பதை எங்ஙனம் ஏற்பது?

மற்றொரு வியப்பு. பிராம்ஸும் ஸ்ட்ராஸும் புச்சினியும் இந்நூலில் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றனர். நீட்சேயின் நூற்பெயரைத் தம் இசைப் படைப்புக்குச் சூட்டியவர் ஸ்ட்ராஸ். ஏபெலின் பக்கங்களிலோ அவரும் பக்திமான் ஆகிவிடுகிறார்.

இந்தத் தொழில் புதிதன்று. மோட்சார்ட் மறைந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1815இல், ரோக்லிட்ஸ் என்பார் லைப்சிக் இசை இதழில் ஒரு கடிதத்தை வெளியிட்டார். முழுப் படைப்பும் ஒரே கணத்தில் தம் உள்ளத்தில் தோன்றிவிடும் என்று மோட்சார்ட் கூறுவதாக அதில் கண்டது. அது போலி. ஆயினும் நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலர் அதனை எடுத்தாண்டனர். உண்மை மோட்சார்ட்டோ, 1785இல் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு நால்வரிசைகளை நெடிய, கடும் உழைப்பின் பயன் என்றே குறித்தார். பேத்தோவனின் உதவியாளர் ஷிண்ட்லரும் சளைத்தவரல்லர். செவிப்புலன் இழந்த ஆசானுடன் பிறர் எழுதிப் பேசிய ஏடுகளில், ஆசான் இறந்த பிறகு தம் கூற்றுகளை அவர் நுழைத்து வைத்தார் என்பது 1977இல் வெளிப்பட்டது.

ஏபெல் பெர்லினில் வாழ்ந்து இசை இதழுக்கு எழுதியவர். இசைவாணர் பலரை அறிந்தவர். எனவே சந்திப்பே நிகழவில்லை என்று நாம் சாதிக்கவில்லை. நடந்ததைக் காட்டும் பொறுப்பு நடந்தது என்போருக்கே உரியது. சமயச் சொற்பொழிவுகளிலும் கட்டுரைகளிலும் ஏபெலின் பிராம்ஸை மேற்கோள் காட்டும் அன்பர்கள், ரைன்தாலருக்கு எழுதிய கடிதத்தையும் உடன் வைத்துப் படிப்பார்களா?