கடிகாரத்தைக் கொடுத்தவர்கள்
ஃபிராடு, சீட், குரூக், ஸ்விண்ட்லர் என்று ஏமாற்றுக்காரர்களைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் ‘கான் மேன்’ என்ற சொல் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு 1849-இல் நியூயார்க்கில் பிடிபட்ட வில்லியம் தாம்சனின் நினைவு வரும். நல்ல உடை, இதமான பேச்சு. தெருவில் முன்பின் தெரியாதவரிடம் பழகியவன் போல நலம் விசாரிப்பான். பேச்சோடு பேச்சாக, நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் விட்டுவைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை உண்டா என்று கேட்பான். கழற்றிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கத்தி காட்டவில்லை, பூட்டு உடைக்கவில்லை. பறிகொடுத்த ஒருவர் பிறகு தெருவில் அவனை அடையாளம் கண்டுகொள்ள, போலீஸ் பிடித்தது. பின்னாளில் ‘கான் மேன்’ என்று சுருங்கிய ‘கான்ஃபிடன்ஸ் மேன்’ (நம்பிக்கை மனிதன்) என்ற பெயரில் பத்திரிகைகள் அவனைப் பற்றி எழுதின. 1857-இல் ஹெர்மன் மெல்வில் அதையே நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். என் மனம் தாம்சனிடம் நிற்பதில்லை, கடிகாரத்தைக் கொடுத்தவர்களிடம்தான் போய் நிற்கிறது. சக மனிதனை நம்பியதைத் தவிர அவர்கள் செய்த தவறு என்ன? இன்றும் போனில் பேசியே ஒருவரின் சேமிப்பைச் சுருட்டிவிட்டால், திருடனைத் திட்டுவதற்கு முன் பறிகொடுத்தவரைத்தான் ‘உனக்குப் புத்தி எங்கே போச்சு’ என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் வெளியே சொல்வதில்லை. அந்த மௌனம் திருடனுக்குத்தான் லாபம். உங்கள் வீட்டில் யாராவது ஏமாந்து வந்து நின்றால், தயவுசெய்து திட்டாதீர்கள். முதலில் புகார் கொடுக்கக் கூட்டிப் போங்கள்.