புகளூர் மின்பாதையை வெறும் எண்ணாக எழுதாதீர்கள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பட்டறை நடத்துவோரும் இயந்திரம் ஓட்டுவோரும் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம், மத்திய மின்சார ஆணையம், பெங்களூரிலுள்ள தென்மண்டல மின்சுமை பகிர்வு மையம் ஆகியவற்றின் முன் வைக்கும் கோரிக்கைச் சாசனம்.

ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வோல்டேஜ் பெரிதாக இறங்கினால் போதும், காண்டாக்டர் விட்டுவிடும். மோல்டிங் மெஷின் நிற்கும். பேரலுக்குள் தேங்கிய பிளாஸ்டிக்கைத் தள்ளி வெளியேற்றி, சூடேற்றி, முதல் நல்ல பீஸ் விழும்வரை ஆளும் மெஷினும் சும்மா நிற்கும். பெரிய கார் ஆலைக்கு உதிரிபாகம் போகத் தாமதமானால், அந்தச் சுமையும் சிறு பட்டறையின் தலையில்தான்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து, எங்கள் பட்டறைகளும் சேர்ந்த தமிழ்நாட்டு மின்கட்டமைப்பிலுள்ள புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்திசை மின் பாதையின் திறன் 6,000 மெகாவாட். அதை வரவேற்கிறோம். ஆனால் அதன் முனையத்திலுள்ள கன்வெர்ட்டர் தைரிஸ்டரில் இயங்குவது. கடத்தும் மெகாவாட்டில் பாதிக்கும் மேலாக, வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும் ரியாக்டிவ் பவரை இழுக்கும். அதைப் பெரும்பாலும் ஃபில்டரும் கெபாசிட்டர் பேங்க்கும் ஈடுகட்டுகின்றன. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் கெபாசிட்டர் தருவது 19 சதவீதம் குறைந்துவிடும். அதிகம் வேண்டிய நேரத்தில்தான் அது கைவிடுகிறது. மேலும் இறங்கினால், தைரிஸ்டர்களுக்கிடையே மின்னோட்டம் கைமாறும் கம்யூட்டேஷன் தவறி, வரும் மின்சாரம் கணநேரம் அறுபடலாம். பாதையை மாறாத மெகாவாட்டாக எழுதும் ஆய்வில் இவற்றில் எதுவும் தென்படாது.

ஆகவே கோருகிறோம்: வோல்டேஜ் நிலைத்தன்மை ஆய்வு ஒவ்வொன்றிலும் கன்வெர்ட்டர், அதன் கோணக் கட்டுப்பாடு, வோல்டேஜ் இறங்கும்போது மின்னோட்டத்தைக் குறைக்கும் வரம்பு, டேப் சேஞ்சர், ஃபில்டர் இணைப்பு அனைத்தும் இடம்பெற வேண்டும். உண்மையான கோளாறின்போது பதிவான அளவுகளோடு அந்த ஆய்வு மாதிரியை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

2021-இல் தொடங்கிய புகளூர்–திருச்சூர் 320 கிலோவோல்ட் பாதை வேறு வகை. டிரான்சிஸ்டர் கன்வெர்ட்டர் என்பதால் ரியாக்டிவ் பவரைத் தானே தரவும் வல்லது. அதன் மின்னோட்ட வரம்பு எட்டும்வரை மட்டும். இரண்டையும் சேர்த்தே ஆராயுங்கள்.

எங்கள் சுமையையும் உள்ளபடி எழுதுங்கள். மோட்டாரை ஹீட்டர் போலக் கணக்கிட்டால் வோல்டேஜ் மீளும் வேகம் பொய்யாகத் தெரியும். மோட்டார், டிரைவ், கெபாசிட்டர் விவரங்களைத் தர நாங்கள் தயார்.

காற்றாலை மின்சாரம் மிகும் பருவத்தில் ராய்கர் பாதை வடக்கு நோக்கியும் மின்சாரம் அனுப்பக்கூடியது. அந்த நிலைக்கும் தனியே ஆய்வு செய்து, எங்கள் பகுதித் துணைமின் நிலையங்களுக்கான முடிவுகளைத் தமிழில், அடுத்த மே மாதத்துக்குள் வெளியிடுங்கள்.