பார்வை போனபின் கத்தரிக்கோல்

1957இல் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் பினோத் பிஹாரி முகர்ஜியின் பார்வை முற்றிலும் போனது. ஐம்பதைத் தாண்டிய அந்தச் சாந்திநிகேதன் ஓவியர் ஓயவில்லை. வண்ணத்தாளைத் தடவி, மடித்து, கத்தரித்து ஒட்டினார். 1972இல் சாந்திநிகேதனின் கலா பவனச் சுவரில் அவரது பீங்கான் ஓட்டுச் சித்திரமே எழுந்தது. அவருடைய மாணவரான திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் அதே ஆண்டு அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளான பிரெஞ்சு ஓவியர் மத்தீஸும் பின்னாளில் கத்தரிக்கோலைத்தான் எடுத்தார்.

இவற்றைப் பரிதாபக் கதையாக்குவது தவறு. மாறியது உத்தி, குறைந்தது கலையல்ல.

இந்தப் பாடத்தோடு மும்பைக்கு வருவோம். குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில் மண் பிசையும் தாராவிக்கு விரல்களின் அறிவு புதிதல்ல. மாட்டுங்கா, செம்பூர் தமிழ் அமைப்புகள் நோயிலிருந்து மீள்வோருக்கு வாரம் ஒரு மாலை ஒதுக்கட்டும். மேசை, தாள், பசை, கத்தரிக்கோல் போதும்.